மூன்றாவது மாடியில் நோய்ச்சொல் வகுப்பு

பொன்னுரங்கத்தின் குடல்வாலில் எந்தக் கோளாறும் இல்லை என்பது, அதை வெட்டியெடுத்து ட்ரேயில் வைத்த பிறகுதான் தெரிந்தது. இதில் யாருக்கும் வருத்தமில்லை. பொன்னுரங்கத்துக்கே இல்லை. மறுநாள் காலை வேலாத்தூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருபதடி உயரத்தில் ஒரு ஃபிளெக்ஸ் எழுந்தது. அதில் பொன்னுரங்கம் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு சிரித்தார். கோட்டு, கம்ப்யூட்டரில் ஒட்டியது. சிரிப்பு அவருடையது.

‘கேட்பான் கருவியில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பெற்று, வரிசையின்றி, காத்திருப்பின்றி, நேரடியாக அறுவை அரங்கினுள் அனுமதி பெற்ற எங்கள் மாணவர் பொன்னுரங்கம் (வயது 58) அவர்களை வாழ்த்துகிறோம். இவண்: சென்டம் நோய்ச்சொல் பயிற்சி மையம், மூன்றாவது மாடி.’

அவர் ஆஸ்பத்திரிக்குப் போனது முட்டி வலிக்காக. ஆனால் அந்தப் பருவத்துப் பாடத்திட்டத்தில் முட்டி இல்லை. குடல்வால் அழற்சி மட்டும் இரண்டு நட்சத்திரம் போட்ட முக்கியக் கேள்வி. மனிதர் அதைக் கமா விடாமல் மனப்பாடம் செய்தார், கருவியின் முன்னால் போய் ஒப்பித்தார், ஜெயித்தார். முட்டி இன்னும் வலிக்கிறது. அதை அடுத்த பருவத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று நாங்கள் சொல்லியிருந்தோம்.

கேட்பான் என்பது அரசு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. அதன் முன்னால் நின்று உங்கள் நோயை நீங்களே சொல்ல வேண்டும், ஆங்கில மருத்துவக் கலைச்சொற்களில். வேறு பேச்சு அதன் காதில் ஏறாது. சொல்லி முடித்ததும் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் வரும். எழுபது எடுத்தால் கதவு திறக்கும், டாக்டரைப் பார்க்கலாம். தொண்ணூறு தாண்டினால் நேராகக் கத்திதான். டாக்டர் அறுவை வேண்டாமென்று மறுத்தால் காரணம் எழுத வேண்டும், எழுதினால் விசாரணை வரும். நாற்பதுக்குக் கீழே என்றால் பெட்டியின் வயிற்றிலிருந்து பாராசிட்டமால் அட்டை ஒன்று விழும். கூடவே ஒரு பெண் குரல், ‘தாங்கள் நலமே. நன்றி’ என்று சொல்லும். அடுத்த முயற்சி பதினைந்து நாள் கழித்து.

இப்படி ஒரு பெட்டி வந்தால் மற்ற ஊர்க்காரர்கள் மறியல் செய்வார்கள். எங்கள் ஊர் நாமக்கல் பக்கம். மதிப்பெண் என்ற சொல்லைக் கேட்டதும் நாங்கள் கோச்சிங் சென்டர் திறந்தோம்.

திறந்தவர் செங்கோட்டுவேலு சார். முப்பது வருஷம் பிளஸ் டூ கணக்கில் சென்டம் வாங்கிக் கொடுத்தவர். பிள்ளைகள் வரத்து குறைந்த சமயத்தில் நோயாளிகள் வரத்து அதிகமாக, போர்டில் ஒரு சொல்லை மட்டும் மாற்றினார். பாடம் நடத்துகிறவன் நான், அர்த்தநாரி. உயிர்த்தொழில்நுட்பம் இளங்கலை, நான்கு பேப்பர் அரியர். முதல் நாள் வகுப்பில் சார் என்னை இப்படி அறிமுகப்படுத்தினார்: “மத்தவங்க எல்லாம் ஒரு பாடத்தை ஒருக்காதான் படிச்சிருப்பாங்க. நம்ம அர்த்தநாரி ஒவ்வொண்ணையும் மூணு தடவை படிச்சவரு.”

வகுப்பு ரொம்பச் சுலபம். எங்கள் ஊரில் எல்லாருக்கும் லாரி தெரியும்.

“ஒவ்வொரு சொல்லும் ஒரு லாரிங்க. முன்னால கேபின், நடுவுல லோடு, பின்னால பம்பர். லோடு என்னன்னு பாருங்க, எந்த உறுப்புன்னு தெரிஞ்சிரும். கேஸ்ட்ரோன்னா வயிறு. நெஃப்ரோன்னா கிட்னி. ஹெபட்டோன்னா கல்லீரல். கார்டியோன்னா இதயம். பம்பரைப் பார்த்தா அதுக்கு என்ன ஆச்சுன்னு தெரியும். ஐட்டிஸ்னா வீங்கிக் கெடக்குது. ஆல்ஜியான்னா வலிக்குது. எக்டமின்னா எடுத்தாச்சு. இப்பச் சொல்லுங்க, நெஃப்ரெக்டமி?”

“கிட்னியை எடுத்தாச்சு” என்று முப்பத்தெட்டு பேர் கோரஸாகச் சொல்வார்கள். ஜன்னல் கண்ணாடி அதிரும்.

“மாமியாரெக்டமி உண்டுங்களா சார்?” என்று கேட்டவர் மயில்சாமி. லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர். நோய் எதுவும் கிடையாது. தேவைப்படும்போது படித்துக்கொள்ளலாம் என்பது தன் விஷயத்தில் சரிப்படாது என்று முன்கூட்டியே சேர்ந்தவர்.

“சிலபஸ்ல இல்லீங்க.”

“அப்படித்தான் எல்லா அவசரத்துக்கும் சொல்றீங்க” என்று குறித்துக்கொள்வார்.

பாவாயி அக்கா இந்தக் கோரஸில் சேருவதே இல்லை. ஏனென்றால் கோரஸ் நடக்கிற நேரத்தில் அவர் வகுப்புக்கு வெளியே நின்றுகொண்டிருப்பார். எங்கள் மையம் மூன்றாவது மாடியில். லிஃப்ட்டுக்குக் குழி விட்டிருக்கிறார்கள், அதில் இரண்டாவது மாடி ஜெராக்ஸ் கடைக்காரர் பேப்பர் கட்டுகளை அடுக்கிவைத்திருக்கிறார். அக்கா கோழிப்பண்ணையில் முட்டை அட்டை ஏற்றுகிறவர், நாற்பத்தேழு வயது. தினமும் பத்து நிமிஷம் தாமதம். தாமதமாக வந்தால் பத்து நிமிஷம் வாசலில் நிற்க வேண்டும் என்பது சாருடைய முப்பது வருஷத்துச் சட்டம். பிளஸ் டூ பையன்களுக்குப் போட்டதைப் பெரியவர்களுக்கும் அப்படியே வைத்துவிட்டார்.

“கோவிச்சுக்காதீங்க்கா. ரூல்ஸ்” என்று நான் ஒரு நாள் சொன்னேன்.

“கோவம் என்னத்துக்குங்க தம்பி சாரு. நிக்கறது நல்லதுதானுங்க. மூச்சு வாங்கிக்கலாம்” என்றார்.

அவருடைய பிரச்சினை, சொல்லத் தெரியாததல்ல. நிறையவே சொல்வார்.

“படி ஏறுனா, ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல, முட்டை அட்டை பதினஞ்சை அடுக்கி அதுக்கு மேல ஒரு ஆளு ஏறி உட்கார்ந்தாப்ல இருக்குதுங்க. அப்பறம் அது மெல்ல கழுத்து வழியா ஏறி, கீழ்த்தாடைக்கு வருமுங்க. பல்லு புடுங்குன மறுநாளு நோவுமுங்களே, அப்படி. நின்னுட்டா போயிருது. போன எடம் தெரியாது. சரி போயிருச்சேன்னு நாலு படி ஏறுனா, திரும்ப வந்து உட்கார்ந்துக்குது, அதே ஆளு.”

நான் ஆசிரியர் என்ற முறையில் அவரைத் திருத்தினேன். “வலி ஒரு எடத்துல நிக்கணும்க்கா. முதுகுன்னா முதுகு. பல்லுன்னா பல்லு. ரெண்டையும் ஒரே விடையில எழுதுனா கேட்பான் ரெண்டையுமே அடிச்சிரும்.”

“அது ரெண்டு எடத்துலயும் வருதுங்களே.”

“எதாவது ஒண்ணைச் சாய்ஸ்ல விட்ருங்க.”

அக்கா யோசித்தார். எதை விடுவது என்று நிஜமாகவே யோசித்தார். கேட்பானிடம் அதுவரை மூன்று முறை போயிருந்தார். முதல் முறை பன்னிரண்டு மதிப்பெண், இரண்டாம் முறை ஒன்பது, மூன்றாம் முறை பதினான்கு. மூன்று பாராசிட்டமால் அட்டைகளையும் பிரிக்காமல் நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்திருந்தார்.

“முன்னேற்றம் தெரியுதுங்களே தம்பி சாரு. ஒம்போது பதினாலாயிருக்குது” என்றார்.

இந்த வேகத்தில் போனால் எழுபதை எப்போது எட்டுவார் என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்து, பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

அந்த வாரம் ரிவிஷன் டெஸ்ட் வைத்தோம். அக்கா எடுத்தது ஏழு. முப்பத்தைந்துக்குக் கீழே எடுத்தவர்களை சார் ‘தனிக்கவன பேட்ச்’ என்று ஒன்றில் போடுவார். விடிகாலை ஐந்து மணிக்கு வகுப்பு. அந்த நேரத்தில் பண்ணையில் வண்டி நிற்கும், அக்கா அட்டை ஏற்றிக்கொண்டிருப்பார். வகுப்புக்கு வந்தால் வேலை போய்விடும், வராவிட்டால் சீட் போய்விடும். நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். ஏழுக்கு முன்னால் ஒரு நான்கைப் போட்டேன். நாற்பத்தேழு. பார்க்க மிகவும் இயற்கையாக இருந்தது. அவருடைய வயதும் அதுதான்.

ஒருவருக்கு நல்லது செய்வது இவ்வளவு சுலபமா என்று அன்று முழுக்க எனக்குப் பெருமையாக இருந்தது.

டாக்டர் ஹெப்சிபா அதற்கு அடுத்த சனிக்கிழமை மத்தியானம் வந்தார். நாகர்கோவில்காரர், ஐம்பது வயதிருக்கும், எங்கள் ஆஸ்பத்திரியின் ஒரே பொது மருத்துவர். மூன்று மாடி ஏறி வந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, நான் நடத்திய குடல்வால் பாடத்தைக் கடைசிவரை கேட்டார். ஆய்வுக்கு வந்திருக்கிறார்கள் என்று பயந்த சார், மையத்தின் சான்றிதழ்களை மேஜைமேல் எடுத்து வைத்தார். இருந்தது ஒன்றுதான். தீயணைப்புத் துறையினுடையது. காலாவதியானது.

வகுப்பு கலைந்ததும் டாக்டர், “உங்க கைடுல பதினாலாம் பக்கமா இது?” என்று கேட்டார்.

“ஆமாங்க மேடம். எப்படித் தெரியும்?”

“போன வாரம் ஒருத்தர் எங்கிட்ட ஒப்பிக்கும்போது பக்க எண்ணையும் சேர்த்துச் சொன்னாரு.”

சார் என்னைப் பார்த்தார். நான் கைடைப் பார்த்தேன்.

“எல்லாரும் ஒரே மாதிரி பேசுதாங்க தம்பி. ஒரே எடத்துல மூச்சு விடுதாங்க. வயித்தை அமுக்கிக் கையை எடுத்தா, எல்லாரும் ஒரே அளவுக்குக் கத்துதாங்க.”

“அது பதினஞ்சாம் பக்கம்” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

“நாலு மாசமாச்சு” என்றார் டாக்டர். “நாலு மாசமா நான் ஒரு நோயாளியைக்கூடப் பார்க்கல, பாத்துக்கிடுங்க. கதவைத் திறந்துக்கிட்டு வர்றதெல்லாம் நல்லாப் படிச்சவங்க. நோய் இருக்கவங்களுக்குப் படிக்க முடியல. படிக்க முடியுதவங்களுக்கு நோய் இல்ல.”

“அப்ப எதுக்கு மேடம் அந்தப் பெட்டியை இங்கிலீஷ்லயே வச்சாங்க? தமிழ்ல சொன்னா ஆகாதுங்களா?” என்று சார் கேட்டார். இந்தத் தொழிலில் இத்தனை நாள் இருந்தும் அவருக்கு இந்தச் சந்தேகம் வந்ததில்லை. வராமல் இருப்பதுதான் தொழிலுக்கு நல்லது.

“ஆரம்பத்துல அதுக்குத் தமிழ்தான் சொல்லிக் கொடுத்தாங்க. நல்லாத்தான் புரிஞ்சுக்கிட்டுது. முதல் வாரம் எண்ணூறு பேரு ‘உசுரு போவுது’ன்னாங்க. எண்ணூறு பேரையும் அவசர சிகிச்சைக்கு அனுப்பிட்டுது. அதுல ஒருத்தருக்குக் கால்ல முள்ளு. உடனே ஒரு கமிட்டி போட்டாங்க. சாதாரணப் பேச்சுல ஜனங்க கூட்டிச் சொல்லுதாங்க, கலைச்சொல்லுல யாரும் பொய் சொல்ல மாட்டாங்கன்னு கமிட்டி கண்டுபிடிச்சுது.”

சார் பெருமையை மறைக்க முடியாமல் லேசாகச் செருமினார்.

“நான் எதுக்கு வந்தேன்னா,” என்றார் டாக்டர், “நாப்பதுக்குக் கீழ எடுத்தவங்க யாருன்னு அந்தப் பெட்டி எனக்குக் காட்டாது. எல்லாருக்கும் ‘நலம்’னு ஒரே வரி. ஆனா வாரத்துக்கு அஞ்சு பேருக்கு மறுமதிப்பீடு போட எனக்கு அதிகாரம் இருக்கு. அஞ்சே அஞ்சு. ஆயிரக்கணக்கான நலத்துல எந்த அஞ்சைக் கூப்பிடுதது? உங்ககிட்ட ரேங்க் லிஸ்ட் இருக்குமே.”

“இருக்குங்க மேடம்.” சார் உற்சாகமாகிவிட்டார். “பஸ்ட் ரேங்க் நம்ம மயில்சாமி. தங்கமான பையன்.”

“மேல இருந்து வேண்டாம். கீழ இருந்து.”

சார் முகம் வாடியது. “கடைசி அஞ்சு பேருங்களா? அது இன்ஸ்டிட்யூட்டுக்கு அவ்வளவு கவுரவமா இருக்காதுங்களே.”

“உடம்பு சரியில்லாதவனுக்குத்தான் எதுவும் மண்டையில ஏறாது சார். உங்க கடைசி ரேங்க்தான் என் முதல் கேஸ்.”

நான் பட்டியலை நீட்டினேன். டாக்டர் கடைசியிலிருந்து ஐந்து பெயர்களை எழுதிக்கொண்டார். பாவாயி என்ற பெயர் கீழிருந்து பதினேழாவதாக, நாற்பத்தேழு மதிப்பெண்ணோடு சௌகரியமாக இருந்தது. நான் வாயைத் திறக்கலாம் என்று நினைத்தேன். திறந்தால் மதிப்பெண் திருத்தினவன் என்று ஆகிவிடும். சாருடைய அகராதியில் கொலைக்குக்கூட மன்னிப்பு உண்டு, அதற்குக் கிடையாது. அடுத்த வாரம் எப்படியும் புது லிஸ்ட் வரும், அதில் சரியான மதிப்பெண்ணைப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். அந்தச் சமயத்துக்கு அது மிகவும் நியாயமான முடிவாகத் தெரிந்தது.

டாக்டர் கூப்பிட்ட ஐந்து பேருக்கும் நிஜமாகவே நோய் இருந்தது. ஒருவருக்குச் சர்க்கரை ஐந்நூற்றைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒருவருக்குக் காசம். தனிக்கவன பேட்ச்சில் தூங்கி வழிகிறார் என்று சார் தினமும் எழுப்பி நிற்கவைத்த நாச்சிமுத்துவுக்குக் கிட்னி இரண்டும் பாதி நின்றுபோயிருந்தது. டாக்டர் சந்தோஷமாகப் போன் செய்தார். “அஞ்சுக்கு அஞ்சு தம்பி. உங்க லிஸ்ட்டு மாதிரி ஒரு கருவி உலகத்துல இல்ல. அடுத்ததை சீக்கிரம் குடுங்க.”

கருவி என்றால் ஊருக்கு மூக்கில் வியர்க்கும். கடைசி ரேங்க் எடுத்தால் நேராக டாக்டர் என்ற செய்தி இரண்டே நாளில் பண்ணை, பட்டறை, பேருந்து நிலையம் எல்லாம் சுற்றி வந்துவிட்டது. அடுத்த ரிவிஷன் டெஸ்ட்டில் முப்பத்தெட்டு பேர் வெள்ளைத்தாள் கொடுத்தார்கள். போட்டி கடுமையாக இருந்ததால் மயில்சாமி தன் பெயரைக்கூட எழுதவில்லை.

“பேர் எழுதலைன்னா எப்படிங்க உங்களுதுன்னு தெரியும்?”

“மைனஸ் மார்க் இருக்குதுங்களா சார்? இருந்தா எனக்குப் போட்டு வையுங்க.”

சார் தளரவில்லை. இரண்டே நாளில் போர்டுக்குக் கீழே ஒரு பலகை தொங்கியது: ‘ஜீரோ பேட்ச் சேர்க்கை நடைபெறுகிறது. பூஜ்யம் உறுதி.’ நாற்பதுக்குக் கீழே எடுப்பது எப்படி என்று எனக்குப் பாடக்குறிப்பு தயாரிக்கச் சொன்னார். அந்த ஒரு பாடத்துக்கு எனக்கு நிஜமான தகுதி இருந்தது.

முப்பத்தெட்டு பூஜ்யங்களுக்கு மேலே ஒரே ஒரு மதிப்பெண் நின்றது. பதினொன்று. பாவாயி அக்கா.

இந்தத் தடவை நான் சரியான மதிப்பெண்ணைத்தான் போட்டிருந்தேன். அதனாலேயே அவர் முதல் ரேங்க்.

“தம்பி சாரு, நாந்தான் பஸ்ட்டாமுங்களே” என்று அன்று வாசலில் நின்றபடி சொன்னார். முகம் வெளிறியிருந்தது, அதன் மேல் சிரிப்பு இருந்தது. “எம் பொழப்புல இதான் பஸ்ட்டு.”

“ஏனுங்க்கா, மத்தவங்கெல்லாம் வெள்ளைத்தாள் குடுத்தாங்களே. உங்ககிட்ட யாரும் சொல்லலீங்களா?”

“மயில்சாமியண்ணன் சொன்னாருங்க. ராவெல்லாம் முழிச்சுப் படிச்சுப்போட்டு, தெரிஞ்சதை எழுதாம வெக்கறதுக்கு மனசு வரலீங்க.” கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினார். “ஒரு பதில் மட்டும் முழுசா மனப்பாடம் பண்ணிப்போட்டனுங்க. ரெண்டு ஸ்டார் போட்டுக் குடுத்தீங்களே, அதை.”

சனிக்கிழமை டாக்டர் வந்தார். சார் புதுப் பட்டியலை நீட்டி, “தொண்ணூத்தேழு சதவீதம் பெயில் மேடம். மாநிலத்துலயே யாரும் காட்டாத ரிசல்ட்டு” என்றார்.

டாக்டர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முப்பத்தெட்டு பூஜ்யங்கள் நேராக, அழகாக, ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. பட்டியலை மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டு வாரத்தில் நாங்கள் அவருடைய கருவியையும் பாஸ் பண்ணிவிட்டோம் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

“சரி. இந்த வாரம் அஞ்சு பேரை நான் சீட்டுக் குலுக்கித்தான் எடுக்கணும்” என்றார்.

“மேடம்,” என்றேன். “போன லிஸ்ட்டுல ஒரு தப்பு இருக்கு.”

சார் திரும்பினார். “என்ன தப்பு?”

“பாவாயிங்கறவங்க எடுத்தது ஏழு. நான்தான் முன்னால நாலு போட்டேன்.”

சார் நாற்காலியில் உட்கார்ந்தார். “அர்த்தநாரி, முப்பது வருஷத்துல இந்தச் சுவத்துக்குள்ள ஒரு அரை மார்க்குக்கூட…” என்று தொடங்கினார். டாக்டர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

“அவங்களுக்கு என்ன செய்யுது?”

“அவங்களுக்குச் சொல்லத் தெரியாதுங்க மேடம். கலைச்சொல்லே வராது.”

“அவங்க சொன்னதை அப்படியே சொல்லுங்க.”

சொன்னேன். பதினைந்து முட்டை அட்டை, அதன்மேல் ஒரு ஆள். கழுத்து. கீழ்த்தாடை. நின்றால் போய்விடும், நாலு படி ஏறினால் வந்துவிடும். ஒரு சொல்கூட மறக்காமல் இருந்தது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நான் நடத்தின பாடத்தில் எதுவும் எனக்கு இப்படி ஞாபகம் இருந்ததில்லை. டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“இப்ப எங்க இருக்காங்க?”

“வந்துக்கிட்டிருப்பாங்க மேடம். தினமும் பத்து நிமிஷம் லேட்டு.”

“ஏன் லேட்டு?”

“ரெண்டாவது மாடித் திருப்பத்துல கொஞ்ச நேரம் சுவத்தைப் பிடிச்சு நிப்பாங்க. அப்பறம் மேல வந்ததும் நாங்க ஒரு பத்து நிமிஷம்…” என்று சொல்லிக்கொண்டே வந்தவன், நிறுத்திக்கொண்டேன். மூன்று மாதமாக வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே தினமும் ‘தாமதம்’ என்று என் கையெழுத்தில் நான் எழுதி வந்தது என்னவென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

டாக்டர் எழுந்து படியிறங்கினார். நானும் பின்னால் ஓடினேன்.

அக்கா அங்கேதான் இருந்தார். நிற்கவில்லை, லிஃப்ட் குழி ஓரம் ஒரு பேப்பர் கட்டின்மேல் உட்கார்ந்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. டாக்டரைக் கண்டதும் எழப் பார்த்தார். டாக்டர் அவரை அப்படியே உட்காரவைத்து, தானும் பக்கத்துக் கட்டின்மேல் உட்கார்ந்து, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

“என்னம்மா செய்யுது?”

அக்கா என்னைப் பார்த்தார். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. தொண்டையைச் சரிசெய்துகொண்டார். பிறகு, வலது கீழ் வயிற்றில் தொடங்கும் வலியையும், குமட்டலையும், காய்ச்சலையும், கையை எடுக்கும்போது ஏற்படும் வேதனையையும், இரண்டு நட்சத்திரம் போட்ட கலைச்சொற்கள் அத்தனையோடும், ஒரு பிசிறில்லாமல், கமா விட வேண்டிய இடத்தில் கமா விட்டு, முழுக்க ஒப்பித்தார். பொன்னுரங்கம்கூட இவ்வளவு சுத்தமாகச் சொன்னதில்லை. அவருக்கு இல்லாத நோய் அது. அதற்காகத்தான் ராவெல்லாம் கண் விழித்திருக்கிறார். முடிவில் மூச்சு முட்டியது, ஆனாலும் கடைசிச் சொல்லை விடவில்லை.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

டாக்டர் மணிக்கட்டை விடவில்லை. “தம்பி, இதுக்கு எத்தனை மார்க்கு?” என்று கேட்டார்.

“நூத்துக்கு நூறு மேடம்” என்றேன்.

“கேட்டீங்களாம்மா? நூத்துக்கு நூறு. பரீட்சை முடிஞ்சுது. நீங்க பாஸ். இனி யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. சும்மா பேசிக்கிட்டிருப்போம். ஏன் இங்க உட்கார்ந்துட்டீங்க?”

அக்கா நிச்சயப்படுத்திக்கொள்வதற்காக என்னைப் பார்த்தார். “சொல்லலாமுங்களா தம்பி சாரு? மார்க்கு போயிராதுங்களே?”

“போவாதுங்க்கா. எழுதியாச்சு.”

“அது ஒண்ணுமில்லீங்கம்மா,” என்று அவர் தொடங்கினார். “இன்னிக்கு அந்த ஆளு எறங்கவே மாட்டேங்கறானுங்க.”

டாக்டர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார், “ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க தம்பி.”

மறுமதிப்பீட்டுப் படிவத்தை மாடிப்படியில் வைத்தே எழுதினார். அதில் ‘காரணத்தைக் கலைச்சொற்களில் குறிப்பிடுக’ என்று ஒரு கட்டம் இருந்தது. டாக்டர் அதில் தமிழில், ‘இரண்டாவது மாடியில் உட்கார்ந்துவிட்டார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதைப் பற்றி இன்றுவரை யாரும் விளக்கம் கேட்கவில்லை. அந்தக் கட்டத்தை இதுவரை யாரும் படித்ததில்லை போலிருக்கிறது.

சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். இதயத்துக்குப் போகிற குழாயில் இரண்டு இடத்தில் அடைப்பு. கம்பிவலை வைத்தார்கள். “இன்னும் ஒரு ரிவிஷன் டெஸ்ட் எழுதியிருந்தா அவ்வளவுதான்” என்று டாக்டர் போனில் சொன்னார். அதை அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

சார் என்னை வேலையைவிட்டுத் தூக்கத்தான் நினைத்தார். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காவது நாள் பேருந்து நிலையத்துக்கு எதிரே புது ஃபிளெக்ஸ் எழுந்தது. அதில் பாவாயி அக்காவுக்குக் கோட்டு மாட்டியிருந்தார்கள். ‘பதினொரு மதிப்பெண் மட்டுமே பெற்றும், எங்கள் மையத்தின் இரண்டாவது மாடித் திருப்பத்திலேயே மருத்துவரின் நேரடி அனுமதி பெற்று இதய சிகிச்சை கண்ட சாதனை மாணவி.’ அதைப் படித்தபோதே அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் ஊர் ஜனங்கள் எதையும் படித்துவிட்டுச் சும்மா இருக்கிறவர்கள் அல்ல.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை வகுப்புக்குப் போனேன். மாடிப்படியில் கூட்டம். இரண்டாவது மாடித் திருப்பத்தில் முப்பத்தெட்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இடம் போதாமல் சிலர் முதல் மாடிவரை நின்றார்கள். ஜெராக்ஸ் கடைக்காரர் பேப்பர் கட்டுகளை ஓரமாக நகர்த்தி உட்கார வசதி செய்துகொண்டிருந்தார். மயில்சாமி கீழ்த்தாடையைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

“எத்தனை அட்டைங்க சார்? பதினஞ்சுதானே? சிலர் இருவதுங்கறாங்க.”

நான் பதில் சொல்வதற்குள் கீழேயிருந்து, “சித்த வழி விடுங்க, சித்த வழி விடுங்க” என்று ஒரு குரல் ஏறி வந்தது. பாவாயி அக்கா. கையில் அதே நோட்டுப் புத்தகம். கூட்டத்துக்குள் புகுந்து, ஒவ்வொருவராகத் தாண்டி, எங்கும் நிற்காமல், மூன்றாவது மாடிவரை ஒரே மூச்சில் ஏறிப் போனார்.

“ஏனுங்க்கா, இன்னும் வகுப்புக்கு எதுக்கு?” என்று பின்னாலேயே போய்க் கேட்டேன்.

“பாதியில விட்டா நல்லாவா இருக்கும் தம்பி சாரு?” என்று முதல் பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். “கார்டியோ வரைக்கும் நடத்தியிருந்தீங்க. அது என்னன்னு இப்பத்தான் தெரியுது.”

மணியடித்தது. வகுப்பில் வேறு யாரும் இல்லை. நான் வருகைப் பதிவேட்டைத் திறந்து முப்பத்தெட்டு பெயர்களுக்கு எதிரே ‘தாமதம்’ என்று எழுதினேன். ஒரு பெயருக்கு எதிரே மட்டும் நேரத்தைப் போட்டேன்.

பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று, கீழே போய் அந்த முப்பத்தெட்டு பேரையும் ஒவ்வொருவராக உட்காரவைத்து, நிஜமாகவே மூச்சு வாங்குகிறதா என்று கேட்க ஆரம்பித்தேன்.

இருபத்தாறாவது ஆள் பதில் சொல்லவில்லை. கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தார், வியர்த்திருந்தது. செங்கோட்டுவேலு சார்.

“என்ன சார், நீங்களும் பிராக்டீஸா?” என்றேன்.

அவர் தலையை மட்டும் ஆட்டினார். இல்லையென்று.